தேத்தண்ணிக் கொட்டாய்க்கு டிக்கெட்

பாயா தெருபோங்,
5 ஆகஸ்ட் 2025

ஷஹீதா,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நான் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ நாலு வாக்கியம் பேசி முடித்திருப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். சூலியா தெருவில் உன் சீனி மாமாவின் பணம் மாற்றும் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். "என்னாம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்று நிச்சயம் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் மெராந்தி அடிவாரத்தில் நடந்ததை உன் அலுவலகத்தில் 'சிறு சலசலப்பு' என்று எழுதியிருப்பார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா வழக்கம்போல டுரியான் மரத்தடிக்குப் போனார். அங்கே குழாயடியில் தண்ணீர் பிடித்த போத்தல்கள் எப்போதும் வரிசையாக இருக்கும். மலையேறுகிற ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துப்போய் மேலே தேத்தண்ணிக் கொட்டாயில் வைப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் அம்மாவும் மற்ற பெண்களும் ஞாயிறுதோறும் தேத்தண்ணி கலக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். நீயும் போத்தல் தூக்கியவள்தான். அந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகு மறந்திருப்பாயோ என்று எழுதுகிறேன்.

இப்போது மரத்துக்கும் பாதைக்கும் நடுவில் உங்கள் இரும்புக் கேட். உள்ளூர்க்காரர்களுக்கு ஐந்து வெள்ளி, மற்றவர்களுக்குப் பதினைந்து.

"ஆண்ட்டி, டிக்கெட் எடுத்தீங்களா?" என்றார் காவலர் இக்மல்.

"எதுக்குப்பா டிக்கெட்? சர்க்கஸா காட்டுறீங்க?"

"மலைக்கு ஆண்ட்டி. கம்பெனி லீஸ் எடுத்திருக்கு லா. முப்பது வருசத்துக்கு."

"மலைய எடுத்துட்டாங்களா? எங்க கொண்டு போனாங்க? இங்கதானே நிக்கிது!"

எல்லாரும் சிரித்தோம். இக்மலும் சிரித்தார். அதற்குள் மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். வெளித் தண்ணீர் உள்ளே போகக்கூடாது, மேலே விற்கிறோம் என்றார். எங்கள் கையிலிருந்த போத்தல்களை வாங்கி, இக்மலைவிட்டு ஒவ்வொன்றாகக் கால்வாயில் ஊற்றவைத்தார். அம்மா தரையில் கிடந்த மூடிகளைத் தேடி எடுத்து, காலிப் போத்தல்களைத் திருகி மூடி, மறுபடி மரத்தடியில் வரிசையாக வைத்தார். வீட்டுக்கு நடந்தோம்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் நம் கொட்டாயின் படம். கீழே 'பாரம்பரியத் தேநீர்க் குடில்'. பினாங்கில் 'குடில்' என்று எழுதக்கூடியவள் நீ ஒருத்திதான்.

அந்தக் கொட்டாயை உங்கள் கம்பெனி கட்டவில்லை. நடக்க வந்தவர்கள் ஆளுக்கொரு செங்கல்லைத் தூக்கிப்போய், அதில் அவரவர் பெயரை எழுதிக் கட்டிய அரைச் சுவர் அது. மலையை அரசாங்கம் உங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கலாம். கொட்டாயை யார் விட்டது? அந்தப் படத்தைக் கழற்றச் சொல். அதைக் காட்டிக் காசு வாங்காதீர்கள்.

காமினி

---

சூலியா தெரு,
9 ஆகஸ்ட் 2025

காமினி,

சீனி மாமா கடிதத்தை நீட்டி, "அந்தப் பேசாத பிள்ளைக்குக் கல்யாணமா? மாப்பிள்ள பாவம் லா, வீட்ல ஒரே அமைதியா இருக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை. கடையில் நின்றே படித்தேன்.

நன்றாக எழுதியிருக்கிறாய். இவ்வளவு கோபத்தையும் ஜூன் பதினைந்தாம் தேதி எங்கே வைத்திருந்தாய்?

சமூக மண்டபத்தில் அந்தக் கூட்டத்தை நடத்தவைத்தது நான். என் மேலாளர் தேவையே இல்லை என்றார். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், அவரோடு மல்லுக்கு நின்றேன். நடப்பவர்கள் சார்பில் பேச ஒரு பெயர் வேண்டும் என்றபோது உன் பெயரைக் கொடுத்தேன். நீயும் சரி என்றாய். காலையில் ஒன்பது மணிவரை உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம் என்று கேள், கொடுத்துவிடுவார்கள் என்று உன் காதிலும் போட்டேன். மைக்கை நானே கொண்டுவந்து உன் கையில் தந்தேன்.

நீ மைக்கைப் பார்த்தாய். தரையைப் பார்த்தாய். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாய். அவர் அடுத்தவரிடம் கொடுத்தார். வெற்றிலைத் தட்டு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி அது என்னிடமே திரும்பி வந்தது. உங்கள் மாமாமார் எல்லாரும் கூட்டம் முடிந்த பிறகு வாசலில் கறிபாப் தின்றுகொண்டே முழங்கினார்கள். கூட்டக் குறிப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபம் இல்லை.' அந்த ஒரு வரியை வைத்துத்தான் கேட் வந்தது.

இன்னொன்றும் கேள். போன நவம்பர் மழையில் அய்யாக்கண்ணு மாமா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பழைய கதவுப் பலகையில் கிடத்தி அவரை இறக்க அரை நாள் ஆனது. அன்று நானும் ஒரு மூலையைப் பிடித்தேன், ஞாபகம் இருக்கட்டும். இப்போது கைப்பிடி இருக்கிறது, படி இருக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறது. இதெல்லாம் தேத்தண்ணி ஊற்றியா வரும்?

அம்மாவுக்கு நடந்தது தப்பு. தண்ணீரைக் கொட்டச் சொன்ன ஆளோடு சண்டை போட்டேன். அதோடு விடவில்லை, அம்மாவுக்காக ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். சனி, ஞாயிறு கொட்டாயில் தேத்தண்ணி கலக்கும் வேலை. அவர் செய்கிற அதே வேலைதான். சம்பளம் உண்டு, நுழைவு இலவசம். சேலை கட்டி வந்தால் சுற்றுப்பயணிகளுக்குப் பிடிக்கும் என்கிறார்கள். அது கட்டாயமில்லை, நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்.

ஷஹீதா

---

பாயா தெருபோங்,
20 ஆகஸ்ட் 2025

ஷஹீதா,

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்.

"சேல கட்டிக்கிட்டு மலை ஏறணுமா? அந்தப் பிள்ளைக்கு மண்டைல என்னா ஆச்சு?"

"கட்டாயமில்லையாம்மா. சம்பளம் உண்டாம்."

அம்மா அடுப்பை அணைத்தார். "நான் ஃபாக்டரில முப்பது வருசம் யூனிஃபார்ம் போட்டவ. மணி அடிச்சா உக்காந்தேன், மணி அடிச்சா எந்திரிச்சேன், கக்கூஸ் போகவும் கை தூக்கினேன். சம்பளம் குடுத்தான், சரி. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் எவனும் எனக்கு மணி அடிக்கல. இப்ப அதுக்கும் பஞ்ச் கார்டா? சம்பளம் வாங்கினா யாருக்கு ஊத்தணும்னு அவன்ல சொல்லுவான்? டிக்கெட் இல்லாதவனுக்கு ஊத்தாதேம்பான். போ, அவளையே சேல கட்டிக்கிட்டு ஊத்தச் சொல்லு."

ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

மைக் விஷயம். நீ எழுதியது உண்மை, மறுக்கவில்லை. பேசுவதற்குத் தமிழில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. டை கட்டிய ஒருவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "இரண்டு நிமிடம்தான்" என்றார். மூன்று பக்கத்தில் எந்த வரியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேடினேன். தேடிக்கொண்டிருந்தபோதே என் கை மைக்கை நகர்த்திவிட்டது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் மைக்கில் பேசியதில்லை, ஷஹீதா. மைக்கில் எங்களைக் கூப்பிட்டுத்தான் பழக்கம். ஃபாக்டரியில், கிளினிக்கில். நான் பட்டம் வாங்கின அன்றுகூட மைக்கில் என் பெயரைத் தப்பாகத்தான் வாசித்தார்கள். நான் திருத்தவில்லை.

அது என் குறை. அதற்காகத் தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன், உன் உதவி வேண்டாம். ஆனால் ஒருத்திக்கு வாய் வரவில்லை என்றால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதா? கேட்கத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கவேண்டியதில்லை என்று யார் சொன்னது? ஆட்சேபம் இல்லை என்று எழுதியபோது நீயும் அதே மேசையில்தானே உட்கார்ந்திருந்தாய்?

படி வேண்டும், கைப்பிடி வேண்டும், கழிப்பறை வேண்டும். அதற்கென்று கேட்டிருந்தால் பாதிப்பேர் காசு கொடுத்திருப்பார்கள். மீதிப்பேர் மணல் சுமந்திருப்பார்கள். அய்யாக்கண்ணு மாமா அந்த இடுப்போடு வந்து சிமெண்ட் கலக்கியிருப்பார். நீங்கள் எங்களிடம் உதவி கேட்கவில்லை. எங்கள் இடத்துக்கே எங்களை விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள். இரண்டு ஞாயிறாக அம்மா வீட்டிலேயே இருக்கிறார். ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது என்பதற்காக அந்தப் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டிருக்கிறார். நான் திறந்தால் மறுபடி இழுக்கிறார்.

காமினி

---

சூலியா தெரு,
12 செப்டம்பர் 2025

காமினி,

சேலை விஷயத்தில் நான் மடச்சி. அம்மாவிடம் சொல். மற்றதற்கெல்லாம் பதில் இருக்கிறது, இன்று எழுத மனமில்லை.

ஒன்று சொல்லவேண்டும். அக்டோபர் முதல் தேதி கொட்டாயை ஒரு கஃபேக்காரரிடம் கொடுக்கிறார்கள். தேநீர் எட்டு வெள்ளி. அதற்கு முன்னால் சுவரைப் பூசி வெள்ளையடிக்கப் போகிறார்கள். செங்கல்லில் கண்டபடி கிறுக்கியிருப்பது படம் எடுக்க அசிங்கமாக இருக்கிறதாம். கிறுக்கல் என்று சொன்னது உங்கள் பெயர்களை.

என் பெயரும் அதில் இருக்கிறது என்று கூட்டத்தில் சொல்ல வாயெடுத்தேன். மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நானும் போய்விட்டேன். உன்னைக் குறை சொன்ன அதே வாய்தான்.

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. எங்கள் வீட்டில் கடைக்கு வெளியே போய்ச் சம்பாதிக்கிற முதல் பெண் நான். அத்தா இன்னும் பாதி மனதோடுதான் அனுப்புகிறார். வேலை போனால் சந்தோஷமாகக் கல்லாவில் உட்காரவைத்துவிடுவார்.

ஷஹீதா

---

சூலியா தெரு,
22 செப்டம்பர் 2025

காமினி,

என் கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று நேற்று மதியம் தெரிந்தது.

காலையில் இக்மல் போன் செய்தான், எப்போதும்போல அக்கா முறை வைத்து. "காக், இன்னிக்கு நல்ல வசூல் லா! உள்ளூர் ஆளுங்க வரிசை கட்டி நிக்கிறாங்க. சத்தமே இல்ல, எல்லாரும் டிக்கெட் வாங்கறாங்க." மேலாளருக்கு உடனே செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உன் நவமணி அம்மாவும் வாங்கினார் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவ்வளவு முட்டாள் நான்.

மதியம் மறுபடி இக்மல்.

"காக், கல்லு எறங்குது."

"என்ன, மண்சரிவா? யாருக்காவது அடிபட்டதா?"

"மண்சரிவு இல்ல காக். ஆளாளுக்கு ஒரு செங்கல்லத் தூக்கிட்டு வராங்க. கூரைத் தகரமும் வருது. சட்டி பானையும் வருது."

"நிறுத்து அவங்கள!"

"நிறுத்தினேன் காக். ஒரு அக்கா முன்னால வந்து, இந்தக் கல்லுல என் பேரு இருக்கு, உங்க கம்பெனி பேரு உள்ள கல்லு ஒண்ணு காட்டுங்க, அத விட்டுட்டுப் போறோம்ங்கறாங்க. எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கம்பெனி பேரு ஒண்ணுலயும் இல்ல லா."

வீடியோவையும் அனுப்பினான். அந்த அக்கா நீ. குரல் நடுங்குகிறது. ஆனால் மேற்பார்வையாளர் வந்து கத்துகிறார், நீ நிறுத்தவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்கிறாய். அந்த வாய் ஜூனில் எங்கே போயிருந்தது, காமினி? அன்று திறந்திருந்தால் அந்த இரும்புக் கேட்டும் இருந்திருக்காது, இதுவும் நடந்திருக்காது.

இப்போது மேலே வெறும் சிமெண்ட் தளம்தான் இருக்கிறது. கஃபேக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நம்பி ஒரு விஷயம் சொன்னேன், அதை எடுத்து என் தலையிலேயே போட்டுவிட்டாய். முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

இன்று காலை மேலாளர் எல்லார் முன்னாலும் வீடியோவைப் போட்டு, இந்தப் பெண் யாரென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பெயரைக் கேட்டார். கொடுத்தேன். முழுப்பெயர். போலிஸ் ரிப்போர்ட்டில் போகும்.

இனிமேல் மாமாவின் கடையில் எதையும் கொடுக்காதே.

ஷஹீதா

---

பாயா தெருபோங்,
29 செப்டம்பர் 2025

ஷஹீதா,

மாமாவிடம் கொடுக்காதே என்றாய். தபாலில் அனுப்புகிறேன்.

உன்னிடம் ஏன் முன்னால் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால், தெரிந்தும் தடுக்காதவள் என்று உன்னைப் பிடித்திருப்பார்கள். பூசப்போகிறார்கள் என்று யார் சொன்னது என எங்கள் ஆட்களே கேட்டார்கள். அம்மாவிடம்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. நீ என் பெயரைக் கொடுக்க எவ்வளவு நேரம் யோசித்தாய்?

போலிஸில் கூப்பிட்டார்கள். அம்மாவும் கூட வந்தார், பையில் கல்லோடு. சார்ஜன் அதை மேசையில் வைக்கச் சொல்லி, இது யாருடையது என்று மலாயில் கேட்டார். என்னுடையது என்று அம்மா சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் தண்ணீரைக் கால்வாயில் ஊற்றியதிலிருந்து சொன்னேன். நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். அவர் கடிகாரத்தைக் காட்டவில்லை, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டால் வரவேண்டுமாம். கல்லைக் கொண்டுபோகலாமாம்.

உங்கள் கூட்டக் குறிப்பில் ஆட்சேபம் இல்லை என்று இருக்கிறது. போலிஸ் நிலையத்துத் தாளில் என் பெயரோடு ஆட்சேபம் இருக்கிறது. அதை அங்கே சேர்த்தது நீ. இதை நன்றி என்று எடுத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அந்த ஞாயிறு எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மேலே போனதும் அம்மா உங்கள் கடையில் தண்ணீர் வாங்கினார், உங்கள் விலையில். கடைசித் தேத்தண்ணி எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் உளியை எடுக்கவிட்டார். சுவரை உடைக்க நாள் முழுக்க ஆகும் என்று பயந்தோம். ஆனால் நாம் கலக்கிய சிமெண்ட் எவ்வளவு மோசம் என்று அன்றுதான் தெரிந்தது, தட்டியதும் உதிர்ந்தது. "இத நம்பியா இவ்ளோ நாளு சாஞ்சிக்கிட்டு தேத்தண்ணி குடிச்சோம்!" என்று ஒருவர் சொல்ல, சிரிப்புத் தாங்கவில்லை. சீனப் பெரியவர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் கல்லையும் சேர்த்து இரண்டாகத் தூக்கினார். யாரையும் கைவைக்க விடவில்லை. அய்யாக்கண்ணு மாமா அடிவாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, என்ன மாதிரி விழுந்து தொலைக்காதீங்க" என்று ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டிருந்தார். இறங்கிய கல்லெல்லாம் டுரியான் மரத்தடியில் போத்தல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே.

வெறும் தளம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ மேலே போய்ப் பார்க்கவில்லை என்று அதிலேயே தெரிகிறது. ஒரு கல் இருக்கிறது. கிழக்கு மூலையில், அடி வரிசையில். அவரவர் கல்லை அவரவர்தான் இறக்குவது என்று பேசிக்கொண்டோம். நான் அதன் கீழே உளியை வைத்தேன், எடுத்துவிட்டேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நீ தூக்கி வந்தது. பாதி வழியில் உட்கார்ந்து அழுதாய். பேனா பிடிக்கவில்லை என்று எழுத்தை அழிக்கிற என் லிக்விட் பேப்பரை வாங்கிப் பெயர் எழுதினாய். வெள்ளை இன்னும் போகவில்லை.

விட்டுவிட்டால் உங்கள் கம்பெனி பெருக்கித் தள்ளிவிடும். வேண்டுமென்றால் போய் எடு. உனக்கு டிக்கெட் தேவைப்படாது, ஊழியர் அட்டையைக் காட்டினால் போதும்.

காமினி

---

சூலியா தெரு,
6 அக்டோபர் 2025

காமினி,

அட்டையைக் காட்டவில்லை. சனிக்கிழமை வரிசையில் நின்றேன். "காக், உங்களுக்கு எதுக்கு டிக்கெட்?" என்றான் இக்மல். "குடு" என்றேன். அவன் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

எல்லார் சிமெண்டும் உதிர்ந்ததாம். என்னுடையது மட்டும் பிடித்துக்கொண்டு விடவில்லை. உளி இல்லை, ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டி நகம் உடைந்தது. அளவெடுக்க வந்த கட்டடக் காண்ட்ராக்டரின் ஆள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். இறங்கும்போதும் அதே இடத்தில் உட்கார்ந்து அழுதேன். சுமைக்காக இல்லை.

வேலையை விடவில்லை, விடப்போவதும் இல்லை. அப்படி ஏதாவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோ. உன் பெயரைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீ என்னிடம் மறைத்ததை நான் மன்னிக்கவும் இல்லை.

இன்று காலைக் கூட்டத்தில் கொட்டாயை மறுபடி கட்டுவது பற்றிப் பேசினார்கள், புதுச் செங்கல், புது வடிவம். டிக்கெட்டை ஏழு வெள்ளி ஆக்குவது என்றும் பேசினார்கள். முடிவில் மேலாளர் வழக்கம்போல, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பினார்.

பையிலிருந்து கல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். சிமெண்ட் பொடி அவருடைய காகிதங்களில் உதிர்ந்தது. இது என்ன என்றார். பெயர் இருந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் வாயைத் திறந்து சொல்லவேண்டியதாயிற்று.

ஷஹீதா